உங்கள் தெருவைத் திறந்த வரைபடத்தில் ஏற்றுவது எப்படி

மக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து சொந்த ஊரைத் தேடினால் பல ஊர்களில் ஒரே மாதிரிக் காட்சிதான். நெடுஞ்சாலை ஒரு கோடு, ரயில் பாதை ஒரு கோடு, ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர். தெருக்களில் பாதி இருக்கும். ஏரி இருக்கும், அதன் மதகு இருக்காது. சில நிறுவனங்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்து வரைந்தாலும், மதகுவரை இறங்கி நிரப்ப அவர்களை நம்ப முடியாது. உள்ளூர்க்காரர் உட்கார்ந்தால்தான் நிரம்பும்.

2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் இது. அங்கே அரசின் வரைபடத் தரவைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. மக்களே நடந்து அளந்து தரவைப் பொதுவில் வைத்துவிடலாம் என்பதுதான் யோசனை. 2012 முதல் தரவு ஓடிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. யாரும் எடுக்கலாம், விற்கலாம், செயலி கட்டலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். தரவைத் திருத்திப் பொதுவில் வெளியிட்டால் அந்தத் திருத்திய தரவையும் அதே உரிமத்தில் தர வேண்டும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் இந்தத் தெருக்கோடுகளின் மேல்தான் நின்றது. கோடு இல்லாத தெருவில் ‘தண்ணீர்’ என்று குறிக்க இடமே இருந்திருக்காது.

படம் வேறு, தரவு வேறு

புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி, இதை ஓவியமாக நினைப்பதால் வருவது. திரையில் தெரியும் மஞ்சள் கோடும் நீலத் திட்டும் தரவிலிருந்து பிறகு தீட்டப்படுபவை. உள்ளே இருப்பது மூன்றே பொருள்: நோடு, வே, ரிலேஷன். அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட ஒற்றைப் புள்ளி நோடு. நோடுகளை வரிசையாகக் கோத்தால் வே. ஒரு வேயில் அதிகபட்சம் 2,000 நோடுகள். பல பொருள்களைக் கட்டி வைப்பது ரிலேஷன், உதாரணமாக ஒரு பேருந்துத் தடம். முதல் மாதம் ரிலேஷனைத் தொடாமல் இருப்பது நல்லது. உடைப்பது எளிது, ஒட்டுவது கடினம்.

ஒவ்வொரு பொருளும் என்னவென்று சொல்வது டேக். இடப்பக்கம் வகை, வலப்பக்கம் மதிப்பு. வீடுகள் உள்ள தெருவுக்கு ஹைவே=ரெசிடென்ஷியல். (இந்தக் கட்டுரையில் டேக்குகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, இடைவெளி வரும் இடத்தில் அடிக்கோடு.)

பெயர்கள் பிரிட்டனிலிருந்து வந்தவை என்பதால் சில நம்மைக் குழப்பும். தேசிய நெடுஞ்சாலைக்கு ட்ரங்க், மாநில நெடுஞ்சாலைக்கு பிரைமரி, மாவட்ட முக்கியச் சாலைக்கு செகண்டரி என்பது இந்தியாவில் பொதுவான வழக்கம். ‘அன்கிளாஸிஃபைட்’ என்பதை ‘வகை தெரியவில்லை’ என்று படித்துவிடாதீர்கள். ஊரையும் ஊரையும் இணைக்கும் சிறு சாலைக்கு பிரிட்டனில் இருக்கும் பெயர் அது. வகை நிஜமாகவே தெரியாவிட்டால் அதற்கு ஹைவே=ரோடு இருக்கிறது. வயலுக்கு டிராக்டர் போகும் வண்டிப்பாதை ட்ராக். பைக்கும் நுழையாத சந்து ஃபுட்வே.

எதைப் பார்த்து வரையலாம்

கூகுள் மேப்பைப் பார்த்து ஒரு தெருப்பெயரைக்கூட எழுதக்கூடாது. அதன் செயற்கைக்கோள் படம், ஸ்ட்ரீட் வியூ இரண்டுக்கும் இதுவே பொருந்தும். அவற்றின் உரிமம் இடம் தருவதில்லை. பிடிபட்டால் உங்கள் திருத்தங்களை மொத்தமாக நீக்குவார்கள். அதே தெருவில் மற்றவர் செய்த நல்ல வேலையும் சேர்ந்து போகலாம். அச்சு அட்லஸுக்கும் சுற்றுலாக் கையேட்டுக்கும் இதே விதி.

வரைபடத்தைத் திருத்தும் மென்பொருளான எடிட்டருக்குள் பின்னணியாக வரும் பிங், எஸ்ரி போன்ற செயற்கைக்கோள் படங்களுக்கு அனுமதி வாங்கப்பட்டிருக்கிறது. பிங் 2010இலிருந்து. அவற்றின் மேல் தாராளமாக வரையலாம். எல்லாவற்றையும்விட மேலான மூலம் உங்கள் கால். தெருமுனைப் பலகை, கடைப் பலகை, நிறுத்தத்தில் எழுதியிருப்பது, நீங்களே பார்த்தது: இவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஒரு மணி நேர நடை

முதல் நாளுக்கு நான்கைந்து தெரு போதும். இருக்கும் வரைபடத்தை ஒரு தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கையால் கிறுக்குங்கள். நடக்கும்போது செயற்கைக்கோளுக்குத் தெரியாததை மட்டும் குறியுங்கள்: தெருப்பெயர், ஒருவழியா, முட்டுச்சந்தா, தார் ரோடா சிமெண்டா பேவர் பிளாக்கா, நடுவில் கேட் போட்டிருக்கிறார்களா, ரேஷன் கடை, அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி, அடிபம்பு எங்கே. தெருவின் வளைவை அளக்க மெனக்கெட வேண்டாம், அதைப் படமே காட்டும்.

பெயர்ப்பலகைகளை ஃபோனில் படமெடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் அது ‘வல்லபர்’ தெருவா ‘வள்ளலார்’ தெருவா என்ற சந்தேகம் வராது. ஜிபிஎஸ் பதிவு எடுப்பதானால், திறந்த வானத்தில் ஃபோன் சில மீட்டர் பிழையோடு நிற்கும். மாடிவீடுகள் நெருக்கும் சந்தில் பத்து மீட்டருக்கு மேல் தாவும். அந்தப் பதிவை அப்படியே சாலைக் கோடாக மாற்றாதீர்கள். தெரு பாம்பு போல நெளியும்.

குடியிருப்பவரின் பெயரைத் தரவில் ஏற்றக்கூடாது. ‘மாடி வீட்டு வாத்தியார்’ ஊருக்கே தெரிந்த அடையாளமாக இருக்கலாம், வரைபடத்துக்கு அவர் தனிநபர். கதவு எண் போதும்.

முதல் திருத்தம்

1. தளத்தில் கணக்கு தொடங்குங்கள். திருத்தங்கள் அனைத்தும் உங்கள் பயனர்பெயரோடு என்றென்றைக்கும் வரலாற்றில் நிற்கும். இயற்பெயர் வேண்டாம் என்றால் இப்போதே முடிவு செய்யுங்கள்.

2. உங்கள் தெரு தெரியும்வரை நெருங்கிப் போய் ‘எடிட்’ அழுத்துங்கள். உலாவியிலேயே ஐடி என்ற எடிட்டர் திறக்கும், எதையும் நிறுவ வேண்டியதில்லை. முதல்முறை அது காட்டும் பயிற்சியைத் தாண்டிப் போகாதீர்கள். பயிற்சியில் செய்வது நிஜத் தரவைத் தொடாது.

3. முதல் திருத்தம் ஒரு புள்ளியாக இருக்கட்டும். விசைப்பலகையில் 1 அழுத்தினால் புள்ளி, 2 கோடு, 3 பரப்பு. நன்றாகத் தெரிந்த மருந்துக்கடையின் மேல் புள்ளி வைத்து, இடப்பக்கம் தேடலில் வகையைத் தேர்ந்து, பெயரை இடுங்கள். ஏற்கெனவே யாராவது அதைக் கட்டடமாக வரைந்து பெயரிட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒரே கடை இரண்டாக நிற்பது மிகச் சாதாரணமான பிழை.

4. அடுத்து, விடுபட்ட ஒரு தெரு. பெரிய சாலையின் கோட்டின் மேலேயே சொடுக்கித் தொடங்கி, வளைவுகளில் சொடுக்கிக்கொண்டே போய், கடைசியில் இருமுறை சொடுக்கி முடியுங்கள். நேர்த் தெருவுக்கு இரண்டு நோடு போதும். வளைவில் மட்டும் நெருக்கமாக வையுங்கள்.

5. சேமிக்கும்போது ஒரு வரி விளக்கம் கேட்கும். ‘அப்டேட்’ என்று எழுதாதீர்கள். ‘பெரியார் நகரில் விடுபட்ட 3 தெருக்கள், நேரில் பார்த்தது’ என்று எழுதினால், நாளை யாராவது சந்தேகப்பட்டாலும் அழிக்குமுன் உங்களைக் கேட்பார்கள். அதன் கீழே, திருத்தத்தை யாராவது சரிபார்க்கட்டும் என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். முதல் பத்துத் திருத்தங்களுக்கு அதில் டிக் போடுங்கள்.

தளத்தின் வரைபடத்தில் மாற்றம் சில நிமிடங்களில் தெரியும். தெரியாவிட்டால் உலாவி பழைய படத்தையே வைத்திருக்கிறது. அதற்காக மறுபடி வரையாதீர்கள். ஆஃப்லைன் செயலிகளில் அடுத்த பதிப்பு வரும்வரை, சில வாரம்கூட, காத்திருக்க வேண்டும்.

கோடு தொட்டால் போதாது, கட்ட வேண்டும்

திரையில் இரண்டு சாலைகள் ஒட்டியிருப்பது போலத் தெரியும். ஆனால் ஒரே நோடை இரண்டும் பகிராவிட்டால் வழிகாட்டும் மென்பொருளுக்கு அங்கே சந்திப்பே இல்லை. அரை மீட்டர் இடைவெளிக்காக ஆம்புலன்ஸை ஊரைச் சுற்றி அனுப்பும். ஐடியில் கோட்டின் முனையை மற்றக் கோட்டின் மேல் கொண்டுபோனால் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டக்கூடாத இடத்தில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வரையுங்கள்.

ஒட்டக்கூடாத இடமும் உண்டு. சாலையைக் கால்வாய் கடந்தால் இரண்டையும் வெறுமனே கட்டிவிட முடியாது. பாலம் என்றால் சாலையின் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பிரிட்ஜ்=யெஸ், லேயர்=1, அதாவது ஓர் அடுக்கு மேலே. நம் ஊர்களில் அதிகம் இருப்பது பாலமல்ல, சாலைக்கடியில் போகும் குழாய். அங்கே வெட்ட வேண்டியது கால்வாயை: டனல்=கல்வர்ட், லேயர்=-1. மொத்தக் கால்வாய்க்கும் லேயர்=-1 போட்டு எடிட்டரின் எச்சரிக்கையை அடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிழை மறையும், தரவு பொய்யாகும்.

சாலையை வயல் எல்லையோடும் குடியிருப்புப் பரப்போடும் ஒட்டிவிடுவது இன்னொரு தலைவலி. பின்னால் வருபவர் சாலையை இரண்டு மீட்டர் நகர்த்தினால் வயலும் கூடவே நகரும்.

படம் நகர்ந்திருக்கும்

செயற்கைக்கோள் படம் தரையோடு மிகச் சரியாகப் பொருந்தும் என்று நம்பாதீர்கள். சில மீட்டர் விலகல் சாதாரணம், மலைப்பகுதியில் அதிகம். ஏற்கெனவே உள்ள தெருக்கள் எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளி நிற்கின்றன என்றால் தவறு தெருக்களில் இல்லை, படத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் ஊரையே ஐந்து மீட்டர் கிழக்கே தள்ளி வைப்பவரும், அடுத்த வருடம் வேறு படத்தைப் பார்த்து மேற்கே இழுப்பவரும் மாறி மாறி வருவார்கள்.

செய்ய வேண்டியது இது. பி விசையை அழுத்தினால் திறக்கும் பின்னணிப் பலகத்தில் பொது ஜிபிஎஸ் தடங்களைக் காட்டச் சொல்லுங்கள். பலர் போன தடங்களின் நடுப்பகுதியே சாலையின் நிஜ இடம். பிறகு அதே பலகத்தின் அடியில் உள்ள நகர்த்தும் கட்டத்தால் படத்தை அந்தத் தடங்களுக்குப் பொருத்துங்கள். அதன்பின் வரையுங்கள். அடுத்த ஊருக்குப் போனால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மாடிக் கட்டடங்கள் படத்தில் சாய்ந்து தெரியும். கூரையை வரைந்து, கியூ அழுத்தி மூலைகளைச் செங்கோணமாக்கி, பிறகு முழு வடிவத்தையும் சுவர் தரையைத் தொடும் இடத்துக்கு நகர்த்துங்கள். கணினி தானாகக் கண்டறிந்த கட்டடங்களை ஏற்கச் சொல்லும் கருவிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பார்த்து ஏற்றால் நேரம் மிச்சம். பார்க்காமல் ஏற்றால் வைக்கோல்போரும் லாரியும் வீடாகிவிடும்.

ஏரி, மதகு, கலுங்கு

உள்ளூர் அறிவுக்கு மதிப்புக் கூடும் இடம் இதுதான். ஏப்ரலில் எடுத்த படத்தில் நம் ஏரி மைதானம் போலக் கிடக்கும், மழைக்குப் பின் எடுத்ததில் கடல். தூரத்திலிருந்து வரைபவர் முதலாவதைப் பார்த்துப் புல்வெளி என்று எழுதிவிடுவார். இரண்டு மூன்று பின்னணிப் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, நீர் நிறையும்போது எட்டும் விளிம்பை வரையுங்கள்: நேச்சுரல்=வாட்டர், வாட்டர்=ரிசர்வாயர். கோடையில் வற்றுமென்றால் இன்டர்மிட்டன்ட்=யெஸ். கரை தனிக் கோடு, மேன்_மேட்=டைக். கரைமேல் வண்டி போனால் சாலைக்கு இன்னொரு கோடு.

மதகு வாட்டர்வே=ஸ்லூஸ்_கேட். நிரம்பிய நீர் வழிந்தோடும் கலுங்கு, சில ஊர்களில் கலிங்கல், வாட்டர்வே=வியர். வரத்துக் கால்வாயைத் தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும், ஏனென்றால் கோட்டின் திசைதான் ஓட்டத்தின் திசை. தலைகீழாக வரைந்துவிட்டால் கோட்டைத் தேர்ந்து வி அழுத்துங்கள், திரும்பிவிடும். எந்த ஏரி நிரம்பி எந்த ஏரிக்கு வழிகிறது என்பதை எந்த செயற்கைக்கோளும் சொல்லாது. ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிறவரைக் கேட்டுவிட்டு வரையுங்கள்.

பெயரைத் தமிழில் எழுதும்போது

‘நேம்’ என்ற பொதுப் பெயர்ப் புலத்தில் எந்த மொழி என்பது அவ்வப்போது சர்ச்சையாகும் விஷயம். முதல் வாரத்திலேயே ஊர் முழுக்க ஆங்கிலப் பெயரை அழித்துத் தமிழாக்கக் கிளம்பாதீர்கள். யாராவது திருப்பிவிடுவார்கள், இரு பக்கமும் உழைப்பு வீண். தமிழுக்கென்றே நேம்:டிஏ என்ற புலம் இருக்கிறது. அதை நிரப்புவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, தமிழில் வரைபடம் காட்டும் செயலிகள் அங்கிருந்துதான் எடுக்கின்றன.

ஆங்கில எழுத்திலிருந்து இயந்திரத்தால் தமிழுக்கு மாற்றக்கூடாது. ல, ள, ழ மூன்றும் அங்கே பெரும்பாலும் ஒன்று. பழனி பலானியாக வந்து நிற்கும். மயிலாப்பூர் ‘மைலாபோர்’ ஆகும். பலகையைப் பார்த்து எழுதுங்கள். ‘தெரு’ என்பதைத் ‘தெ.’ என்று சுருக்கக்கூடாது. ஒரு சாலைக்கு இரண்டு பெயர் புழங்கினால் இரண்டுக்கும் இடமிருக்கிறது: அண்ணா சாலை பெயர்ப் புலத்துக்கு, மவுண்ட் ரோடு பழைய பெயர்ப் புலத்துக்கு. பெயரில்லாத கோயிலுக்குப் பெயர்ப் புலத்தில் ‘கோயில்’ என்று எழுதாதீர்கள். அது கோயில் என்பதை டேக் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பது, துணைக்காலுக்கு பதில் ‘ர’ அடிப்பது. திரையில் ஒன்று போலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டினால் குப்பைதான் வரும். முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுங்கள், மாற்றியதையும் ஒருமுறை படியுங்கள்.

ஃபோனும் கணினியும்

உட்கார்ந்து வரையப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட். நிற்கும் இடத்தைச் சுற்றி அதுவே கேள்வி கேட்கும்: இந்தத் தெருவில் விளக்கு உண்டா, தரை என்ன, கடை இன்னும் இருக்கிறதா. டேக் எதுவும் தெரிய வேண்டாம். பஸ் வரும்வரை நான்கு கேள்விக்குப் பதில் சொல்லலாம். கடைத்தெரு முழுவதையும் வேகமாகக் குறிக்க எவ்ரி டோர் நல்லது.

ஐடி போதாது என்று தோன்றும் நாளில் ஜோசம். ஜாவாவில் எழுதப்பட்ட கணினி மென்பொருள். முதலில் மிரட்டும், ஆனால் நூறு வீடு வரைய அதற்கு ஈடு இல்லை. ஏற்றுமுன் அதன் பிழைசோதனை காட்டும் பட்டியலை முழுக்கப் படியுங்கள். அடுத்தவர் வரைந்ததில் எச்சரிக்கை காட்டினால் அதைத் திருத்தும் கடமை உங்களுக்கு இல்லை. ஒருவர் வரைந்தது தவறென்றால் அழித்துப் புதிதாக வரையாதீர்கள். அதையே நகர்த்தித் திருத்தினால்தான் பழைய வரலாறு தொடரும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு

இந்தக் கருவிகள் எல்லாமே திறந்த மூலம். ஐடி ஜாவாஸ்கிரிப்ட், ஸ்ட்ரீட்கம்ப்ளீட் கோட்லின், தளம் ரூபி ஆன் ரெயில்ஸ். நிரலைத் தொடாமலே செய்யக்கூடிய, ஆள் பற்றாத வேலை மொழிபெயர்ப்பு. தளத்தின் சொற்கள் டிரான்ஸ்லேட்விக்கியில், ஐடியின் சொற்களும் பொருள்வகைப் பட்டியலும் டிரான்ஸிஃபெக்ஸில் உள்ளன. பொருள்வகைகளுக்குப் பெயரோடு தேடுசொற்களும் சேர்க்கலாம். ‘கண்மாய்’, ‘குளம்’, ‘ஊருணி’ என்று தட்டினால் நீர்நிலை வர வேண்டும் என்றால் யாராவது அதை அங்கே எழுதியிருக்க வேண்டும்.

நிரலில் இறங்குவதென்றால் முதல் வாரம் பிழைப் பதிவுகளை வாசிக்கவும், ஒன்றைத் தன் கணினியில் மறுபடி உண்டாக்கிப் பார்க்கவும் செலவாகட்டும். ‘தமிழ் சரியாகத் தெரியவில்லை’ என்ற ஒரு வரியால் யாருக்கும் பயனில்லை. எந்த உலாவி, எந்தப் பதிப்பு, எந்தச் சொல், எப்படித் தெரிய வேண்டும், எப்படித் தெரிகிறது, திரையின் படம் (ஸ்கிரீன்ஷாட்). இவ்வளவும் இருந்தால் தமிழ் படிக்கத் தெரியாத பராமரிப்பாளரும் வேலையைத் தொடங்கிவிடலாம்.

தமிழையும் பாதிக்கும் ஒரு பிழை: உலாவியில் வெக்டர் வரைபடம் தீட்டும் மேப்லிப்ரே, குறியீட்டு எண்ணுக்கு ஒன்றாக முன்கூட்டித் தயாரித்த எழுத்துப் படங்களை வரிசையாக வைக்கும். ஒருங்குறியில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு. அதே வரிசையில் வைத்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். தளத்தின் வழக்கமான வரைபடத்தைத் தீட்டும் மேப்னிக் ஹார்ஃப்பஸ் நூலகத்தைக் கொண்டு எழுத்துகளைக் கோப்பதால் அங்கே தமிழ் ஒழுங்காக வருகிறது. இந்தக் குறை பற்றி நெடுங்கால விவாதம் பதிவாகியிருக்கிறது. கைவைக்குமுன் அதை முழுக்கப் படித்து இப்போதைய நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் நிரல் தரவை எழுதப்போகிறது என்றால் சோதனைக்குத் தனிச் சேவையகம் இருக்கிறது, அங்கே தனிக் கணக்கு வேண்டும். நிஜத் தரவில் ‘டெஸ்ட்’ என்று ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். சில நிமிடங்களில் அது யாரோ ஒருவரின் செயலிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உள்நுழைவு இப்போது ஓஆத் 2.0 வழியாக மட்டும். பயனர்பெயர், கடவுச்சொல்லை நேரடியாக அனுப்பும் பழைய முறை 2024இல் நிறுத்தப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரண நிரல்கள் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

தரவைப் படிக்க மட்டும் போகிறீர்கள் என்றால் ஓவர்பாஸ் டர்போ என்ற தேடல் தளம். அதன் விஸார்டில் ஒரு வரி தட்டினால், தமிழ்ப் பெயர் இல்லாத உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தங்கள் பட்டியலாக வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடைக்கு அதுவே வேலைத்தாள். முகவரி தேடும் நாமினாட்டிமின் பொதுச் சேவையகத்தை நொடிக்கு ஒரு முறைக்கு மேல் கேட்கக்கூடாது, மீறினால் தடுப்பார்கள். மாநிலம் முழுவதும் வேண்டுமானால் அந்தச் சேவையகங்களைத் தொந்தரவு செய்யாமல் ஜியோஃபேப்ரிக் தளத்தில் இந்தியாவின் தெற்கு மண்டலக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். செயலியை வெளியிடும்போது வரைபடத்தின் மூலையில் ‘© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்ற வரி, ஃபோன் திரையிலும் படிக்கும் அளவில் இருக்க வேண்டும்.